தலை மழுங்கிய கியர் ஆயில் திருகாணி: முத்துப்பேட்டைப் படகில் கழற்றிய விதம்

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினுக்குக் கியர் ஆயில் மாற்றுவது எளிய வேலைதான். கீழே ஒரு திருகாணி, மேலே ஒன்று. இரண்டையும் கழற்றினால் பழைய ஆயில் இறங்கிவிடும். கீழ்த் திருகாணியின் தலை மழுங்கியிருந்தால் மட்டும் வேலை நாள்கணக்கில் இழுக்கும். பெரியப்பா மகனின் ஃபைபர் படகில் எங்களுக்கு அப்படித்தான் ஆனது. கோரையாறு வழியாக அலையாத்திக் காட்டைத் தாண்டிக் காயலுக்குப் போய்வரும் படகு அது.

முன்பு வேலை பார்த்தவர், திருகாணித் தலையின் வெட்டான காடிக்குப் பொருந்தாத சிறிய திருப்புளியால் திருகியிருக்கிறார். காடியின் ஓரங்கள் சரிந்து, எதை வைத்தாலும் வழுக்கியது. தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும் அலுமினியக் கியர் உறையும் சேரும் இடத்தில் உப்புநீர் பட்டால், அரிபடுவது அலுமினியம். அந்தப் பொடி மரைக்குள் இறுகித் திருகாணியைக் கவ்விக்கொள்கிறது. கைப்பலத்துக்கு அது விடாது.

அண்ணன் டிரில்லை எடுத்துவிட்டார். "பொறுங்கள் அண்ணே, அது கடைசி வழி" என்று தடுத்தேன். எஃகைவிட அலுமினியம் மென்மையானது. பிட் ஒரு நூல் விலகினாலும் உறையின் மரை போய்விடும். அதன்பின் செலவு எங்கேயோ போகும்.

ஊசியால் காடியிலிருந்த அழுக்கைச் சுரண்டி எடுத்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு, இரவு முழுக்க ஊறவைத்தோம். காலையில் கொதிநீரில் நனைத்த துணியை உறையின்மேல் மாற்றி மாற்றிச் சுற்றினோம். சூட்டில் எஃகைவிட அலுமினியம் கூடுதலாக விரியும், பிடி சற்றுத் தளரும். பெட்ரோல் குழாய் இருக்கும் இடத்தில் தீயைக் காட்டும் பழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பிறகு டிராக்டர் பட்டறையிலிருந்து இம்பாக்ட் டிரைவரை வாங்கி வந்தோம். சுத்தியலால் தலையில் அடித்தால், முனை காடிக்குள் அழுந்திக்கொண்டே திரும்பும் கருவி அது. காடியின் அகலத்துக்குச் சரியாக ஒரு முனையை அராவிப் பொருத்தினோம். மறுபக்கம் உறைக்கு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, அண்ணன் அசையாமல் பிடித்துக்கொண்டார். முதலில் இறுக்கும் பக்கம் லேசாக ஓர் அடி. பொடி உடைய அதுவே உதவுகிறது. பிறகு கழற்றும் பக்கம் மாற்றி அடித்ததும் "டக்"கென்று ஒரு சத்தம். திருகாணி மயிரிழை நகர்ந்தது. அதற்குப்பின் விரலாலேயே சுழன்று வந்தது.

வந்த ஆயில் மோர் கலந்ததுபோல வெளுத்திருந்தது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். வாஷர் ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. இரண்டு திருகாணிகளையும் வாஷர்களையும் புதிதாகவே போட்டோம். ஆயிலைக் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேல் துளையில் குமிழ் இல்லாமல் வழிந்ததும் முதலில் மேலே மூடி, பிறகு கீழே மூடவேண்டும். வாஷர் மாற்றிய பிறகும் ஆயில் வெளுத்தே வந்தால், புரொப்பெல்லர் தண்டு வழியே தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலைப் பார்க்காமல் படகை இறக்காதீர்கள். அண்ணனின் படகில் அடுத்த முறை ஆயில் தெளிவாகவே வந்தது.