ஐப்பசி, கார்த்திகையில் மலை நடையும் கூடாரமும்: கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பார்த்தவை

வெயில் தணிந்து குன்றெல்லாம் பச்சை பிடித்திருக்கும் இந்தப் பருவம்தான் நம்ம பக்கம் நடைக்கு ஏற்றது. ஆனால் இடிமழையும் யானையும் வருவதும் இப்போதுதான். அதனால் எந்தக் கூடாரம் வாங்கலாம் என்பதைவிட, அதை எங்கே போடுவது என்பதை முதலில் யோசியுங்கள்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். குத்திராயன் மலைப் பாதைக்கு வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் பதிந்து வழிகாட்டியோடு போங்கள். ராயக்கோட்டை மலைக்கோட்டையில் காலையிலேயே ஏறி, மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். மழை நனைத்த பாறையில் பாசி வழுக்கும். இடி மின்னலில் மொட்டைப் பாறை மேல் நிற்கவே கூடாது. இரவுக்கு அடிவாரத்தில் பட்டா நிலம் பார்த்து, உரியவரிடம் கேட்டுத் தங்குங்கள்.

பாறைச் சரிவைக் கவனியுங்கள். மேலிருந்து கீழே கருப்பாகக் கோடு இறங்கியிருந்தால் அது மழைத்தண்ணீர் ஓடும் தடம். அதன் கீழே கூடாரம் போட்டால் நடுராத்திரியில் உள்ளே தண்ணீர்தான். பாறையில் முளை இறங்காது. தேங்காய் அளவுக் கல்லில் கயிற்றைக் கட்டி, அதன்மேல் பெரிய கல்லை ஏற்றுங்கள். கீழே விரிக்கும் தார்ப்பாயின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மேலே வழியும் மழை அதில் விழுந்து, அப்படியே அடியில் தேங்கும். பலர் இதில்தான் நனைகிறார்கள். மேல்துணி உள்துணியைத் தொடாதபடி இழுத்துக் கட்டி, காற்றுவழியைத் திறந்தே வையுங்கள். மூடினால் மூச்சுக்காற்றின் ஈரமே விடியலில் சொட்டும்.

யானை விஷயத்தில் இதையும் கவனத்தில் வையுங்கள். தளி, ஜவளகிரி, அஞ்செட்டி பக்கம் ராகி கதிர் முற்றும் நேரத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக்கூட்டம் இறங்கும். வயலோரத்தில் தங்கவே வேண்டாம். காவலுக்கு இருப்பவர்கள் வெடி போட்டால் யானை எந்தப் பக்கம் திரும்பி ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழம், வெல்லம், உப்பு எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். கிளம்பும் முன் ஊர்க்காரர்களிடம் ‘நேத்து ராத்திரி எங்க நின்னுச்சு?’ என்று கேட்டாலே போதும், சரியான தகவல் கிடைக்கும்.

ஒகேனக்கல் பக்கம் போகிறவர்கள் ஆற்று மணலில் படுக்காதீர்கள். இங்கே வானம் வெளுத்திருந்தாலும், கர்நாடக அணைகளில் திறந்துவிட்டால் ஆறு ஏறும். தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து எவ்வளவு என்பது செய்தியில் வரும். அதைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஆற்றில் முதலையும் உண்டு.

புதரில் உட்கார்ந்து எழுந்தால் அக்குள், இடுப்பு, தொடை மடிப்பில் பூச்சிக்கடி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும், உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கும் இருந்தால் அது சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் நோயாக இருக்கலாம். காட்டுக்குப் போனதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் கட்டவோ கீறவோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.