56 பெல் ஏர்: டிஸ்ட்ரிபியூட்டர் கேப் உட்காரவே இல்லை, எதைப் பார்த்து வாங்குவது?

பெல்ஏர்_56:

வணக்கம் நண்பர்களே. ஓஹையோவில் இருக்கிறேன். போன அக்டோபரில் ஒரு 1956 ஷெவர்லே பெல் ஏர் வாங்கினேன். நான்கு கதவு, வி8. விற்றவர் அதைப் பதினோரு வருடம் கராஜிலேயே வைத்திருந்தார். பெட்ரோல் டேங்க், பிரேக் எல்லாம் நானே பிரித்துச் சரிசெய்துவிட்டேன். இப்போது இக்னிஷனில், அதாவது ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைப்படி தீப்பொறியைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில், மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வெயில் நாளில் ஓரளவு ஓடுகிறது. மழை பெய்த காலையில் ஸ்டார்ட் செய்தால் மிஸ் அடித்துக்கொண்டே இருக்கிறது, ஏற்றத்தில் இழுப்பதே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேபைக் கழற்றிப் பார்த்தேன். உள்பக்கம் இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கோடு போட்டதுபோல் மெல்லிய கறுப்புத் தடம். தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பாயின்டின் முகமும் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் குழி. சரி, எல்லாவற்றையும் புதிதாகவே போட்டுவிடலாம் என்று உதிரிபாகக் கடைக்குப் போனேன். வருடம், மாடல், இன்ஜின் கேட்டார்கள். 1956, பெல் ஏர், 265 (கன அங்குல) வி8 என்றேன். கேப், அதற்குள் சுழலும் ரோட்டார், பாயின்ட், பாயின்ட் கருகாமல் காக்கும் கன்டென்சர் நான்கும் இரண்டு நாளில் வந்தன.

எதுவும் பொருந்தவில்லை. புதிய கேபைப் பக்கவாட்டுக் கிளிப் போட்டுப் பிடிக்க வேண்டும், என் டிஸ்ட்ரிபியூட்டரில் கிளிப்பே கிடையாது. என் பழைய கேபில் இரண்டு ஸ்க்ரூ இருக்கின்றன, அழுத்தித் திருப்பினால் கீழே கொக்கி போல மாட்டுகிறது. பக்கத்தில் ஒரு சின்னத் தகர மூடி, மேலே தள்ளினால் திறக்கிறது. என் ரோட்டார் பெரிய வட்டத் தட்டு, மேலே இரண்டு ஸ்க்ரூ. புதிதாக வந்ததோ தண்டின் தலையில் அழுத்திச் செருகும் சிறிய ரோட்டார். திரும்பவும் கடைக்குப் போனால், கணினியில் 56-க்கு இதுதான் காட்டுகிறது என்கிறார்கள்.

56-இல் இரண்டு வகை உண்டா? என்னிடம் இருப்பதற்கு உதிரிபாகம் இன்னும் கிடைக்குமா? மொத்தமாக மாற்றிவிடு என்று ஒருவர் சொன்னார், எனக்கு மனம் வரவில்லை.

பழைய_இரும்பு:

தம்பி, தகர மூடி என்று படித்ததுமே தெரிந்துவிட்டது. உங்களிடம் இருப்பது 56-இன் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. ஷெவி வி8-க்கு ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) மின்பாகப் பிரிவான டெல்கோ-ரெமி 1957-இல் கொண்டுவந்த ஜன்னல் வகை அது. உங்களுக்கு முன் வைத்திருந்தவர்களில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். கவலைப்படாதீர்கள், இது நல்ல செய்தி. 55, 56-இன் பாகங்களை வரவழைத்துத்தான் வாங்க வேண்டும். ஜன்னல் வகை 1974 வரை ஜிஎம் வி8-களில் லட்சக்கணக்கில் வந்தது, அதன் பாகம் இன்றைக்கும் கடையில் இருக்கிறது.

இருபத்திரண்டு வருடம் டெட்ராய்ட் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன் நான். பழைய கார் கொண்டுவருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: காரின் வருடத்தைச் சொல்லிப் பாகம் கேட்காதீர்கள். அறுபது, எழுபது வருடக் காரில் இன்ஜின் இரண்டு முறை மாறியிருக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் மூன்று முறை மாறியிருக்கும். கடைக்காரர் மேல் தப்பில்லை, நீங்கள் கேட்ட வருடத்துக்குத்தான் அவர் தந்தார். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் என்ன எண் இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

உங்களுடையதில் உடம்பைச் சுற்றி ஒரு மெல்லிய உலோகப் பட்டை அல்லது தகடு இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடையுங்கள், கம்பி பிரஷ் மட்டும் வேண்டாம், எழுத்து போய்விடும். 111 என்று தொடங்கும் ஏழு இலக்க எண் தெரியும். பக்கத்தில் தேதிக் குறியீடு: முதல் இலக்கம் வருடம், ஆங்கில எழுத்து மாதம், கடைசி எண் நாள். பிந்தைய வருடங்களில் பட்டை இல்லாமல் உடம்பிலேயே எண்ணை அடித்துவிட்டார்கள்.

கையோடு பிளாக் வார்ப்பு எண்ணையும் பாருங்கள். இன்ஜினின் பின்பக்கம், டிரைவர் பக்க ஹெட்டுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பின் மேல் இருக்கும். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வேண்டும். 3703524 என்றால் 55-இன் 265. 3720991 என்றால் 56, 57-இல் வந்த 265. 3731548 என்றால் 57-இன் 283.

அந்தத் தகர மூடி எதற்கு என்றால், முன்பெல்லாம் பாயின்ட் இடைவெளி வைக்க கேபைக் கழற்றி, கேம் மேட்டில் பாயின்டை நிறுத்தி, ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். இதில் இன்ஜின் ஓடும்போதே மூடியைத் தூக்கி 1/8 அங்குல ஆலன் சாவியை உள்ளே விடலாம். மிஸ் அடிக்கத் தொடங்கும் வரை வலப்பக்கம் திருப்பு, பிறகு அரைச் சுற்று பின்னால் வா, டுவெல் (பாயின்ட் மூடியிருக்கும் கோணம்) 30 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்தக் காலத்து மெக்கானிக்குக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

ரோட்டார் போடும்போது ஒன்று கவனியுங்கள். அடியில் இரண்டு முளை இருக்கும், ஒன்று சதுரம், ஒன்று வட்டம். மாற்றி வைத்து ஸ்க்ரூவை இறுக்கினால் ரோட்டார் சாய்ந்து நிற்கும், ஸ்டார்ட் செய்த நொடியில் கேபை உடைக்கும்.

பெல்ஏர்_56:

ஐயா, ரொம்ப நன்றி. சனிக்கிழமை முழுக்க இதே வேலைதான். பிளாக்கில் 3731548. அப்படியென்றால் என் 56 காரில் இருப்பது 57-இன் 283! வாங்கும்போது 265 என்றுதான் சொன்னார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பட்டையில் ஏழு இலக்கத்தில் கடைசி இரண்டு தேய்ந்துவிட்டன. தேதி மட்டும் தெளிவாக இருக்கிறது: 7 சி 12. 1957 மார்ச் 12 என்று எடுத்துக்கொள்ளலாமா? 67-ஆகவும் இருக்கலாம் இல்லையா?

இன்னொன்று. பழைய பாயின்டிலேயே டுவெல் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். ஐடிலில் 29, இரண்டாயிரம் ஆர்பிஎம்மில் 23-க்கு இறங்குகிறது. முள் ஆடிக்கொண்டே இருக்கிறது.

ஏரிக்கரை_ஷெவி:

வாழ்த்துகள் நண்பரே. 57-இன் 283 கிடைத்தது உண்மையிலேயே நல்ல விஷயம்.

பாகம் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். பாயின்டுக்கு டெல்கோவின் எண் டி106பி. அந்த எண்ணை மட்டும் சொல்லுங்கள், காரைப் பற்றியே பேச வேண்டாம். நாபா கடையில் எக்லின், ஸ்டாண்டர்டின் புளூ ஸ்ட்ரீக், இரண்டு பிராண்டிலும் இதற்கு இணையானது உண்டு. கேப் வாங்கும்போது உள்முனை பித்தளையா அலுமினியமா என்று கேளுங்கள். பித்தளைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், அலுமினியம் சீக்கிரம் பூத்துப்போகிறது. இணையத்தில் வாங்கினால் கேபின் உட்புறப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான் பெட்டியின் படத்தை நம்பி வாங்கி ஒருமுறை ஆறு சிலிண்டர் கேப் வந்தது.

அக்டோபரில் பென்சில்வேனியாவில் ஹெர்ஷி பழைய கார் உதிரிபாகச் சந்தை கூடும். ஓஹையோவிலிருந்து ஒரு நாள் பயணம்தான், முடிந்தால் போய்வாருங்கள். ஐம்பது வருடம் திறக்காத டெல்கோ பெட்டிகளை மேசை மேசையாகப் பார்க்கலாம்.

ஆனால் என்னைக் கேட்டால் பாயின்டை விட்டுவிட்டு ஹெச்இஐ (பாயின்ட் இல்லாத ஜிஎம் எலக்ட்ரானிக் இக்னிஷன்) போடுங்கள் என்பேன். 75-இலிருந்து ஜிஎம் எல்லாக் கார்களிலும் அதைத்தான் கொடுத்தது. டுவெல், கன்டென்சர் எதையும் நினைக்க வேண்டாம்.

பழைய_இரும்பு:

ஹெச்இஐ நல்ல பொருள், நானே நிறைய வண்டிகளில் போட்டிருக்கிறேன். ஆனால் 55, 56, 57 ஷெவியில் டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் பின்பக்கம், ஃபயர்வாலை ஒட்டி இருக்கிறது. ஹெச்இஐ கேப் பெரியது. இடம் போதாமல் ஃபயர்வாலைச் சுத்தியால் தட்டிக் குழி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு முழு 12 வோல்ட்டும் வேண்டும், காயிலுக்குப் போகும் ரெசிஸ்டரைத் தாண்டித் தனி வயர் இழுக்க வேண்டும். பாயின்ட் இடத்தில் உட்காரும் பெர்ட்ரானிக்ஸ் எலக்ட்ரானிக் கிட் அதைவிடப் பரவாயில்லை, வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் தம்பி, தண்டு ஆடுகிற டிஸ்ட்ரிபியூட்டரில் எதைப் போட்டாலும் டைமிங் நிலைக்காது. உங்கள் தண்டு ஆடுகிறது.

மார்ச் 12 பற்றி: தேதியில் ஒரு இலக்கம்தான் வருடம், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. எண் பட்டையில் இருக்கிறது, பிளாக்கும் 57. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இன்ஜினோடு பிறந்தது என்றே சொல்வேன்.

டுவெல் விஷயம்: இன்ஜினிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுத்தானே பார்த்தீர்கள்? இல்லையென்றால் மறுபடி பாருங்கள், வேக்குவம் பாயின்ட் தட்டை நகர்த்தும்போது அளவு மாறலாம். அடைத்த பிறகும் மூன்று டிகிரிக்கு மேல் மாறினால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. கேபைக் கழற்றி, தண்டின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், பாயின்ட் திறந்து மூடுவது கண்ணுக்கே தெரியும். உடம்பு வார்ப்பிரும்பு, உள்ளே புஷ் மட்டும் வெண்கலம். அடி கியரின் பின்னைத் தட்டி எடுத்தால் தண்டு வந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றிச் சோதிக்கும் பழைய சன் டெஸ்டர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப் உங்கள் ஊரில் ஒன்றாவது இருக்கும். புஷ் போட்டு, வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்தள்ளும் அட்வான்ஸையும் சரிபார்த்துத் தருவார்கள். ஆட்டம் இருக்கும்வரை புதுப் பாயின்டுக்குச் செலவு செய்யாதீர்கள்.

கழற்றும் முன் ரோட்டார் எங்கே பார்க்கிறது என்று ஃபயர்வாலில் ஒரு குறி, உடம்பு எங்கே நிற்கிறது என்று மேனிஃபோல்டில் ஒரு குறி. வெளியே வரும்போது கியரின் சாய்வால் ரோட்டார் கொஞ்சம் திரும்பும், அந்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் வெளியே இருக்கும்போது யாரும் ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது. திரும்பப் போடும்போது கடைசிக் கால் அங்குலம் இறங்காமல் அடம்பிடிக்கும். தண்டின் அடி, ஆயில் பம்ப் தண்டோடு சேர வேண்டும். பம்பை ஓட்டுவதே அதுதான். தட்டி இறக்காதீர்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரால் பம்ப் தண்டைச் சிறிது திருப்பிவிட்டு மறுபடி இறக்குங்கள், தானாக உட்காரும்.

கன்டென்சர் மட்டும் ஹெர்ஷியில் வாங்க வேண்டாம். கேப், ரோட்டார், பாயின்ட் பழைய பெட்டியில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், பாயின்ட் முகத்தை ஒரு கெட்டி அட்டையால் துடைத்தால் போதும். கன்டென்சர் உள்ளே காகிதமும் தகடும். ஐம்பது வருடத்தில் ஈரம் ஏறியிருக்கும், சூடானதும் கசியும். புதியதை வாங்கி, கப்பாசிட்டன்ஸ் மீட்டரில் 0.18-க்கும் 0.23 மைக்ரோஃபாரடுக்கும் நடுவே இருக்கிறதா பாருங்கள். உங்கள் பாயின்டில் மேடும் குழியும் வந்ததற்குக் கன்டென்சர் அளவு தவறாக இருந்தது காரணமாக இருக்கலாம்.

கேபில் இருந்த கறுப்புக் கோடு எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே?

பெல்ஏர்_56:

5-க்கும் 7-க்கும் நடுவே ஐயா. 1-8-4-3-6-5-7-2 என்ற ஃபயரிங் ஆர்டரில் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) அவை அடுத்தடுத்து வருகின்றன, கேபிலும் பக்கத்துப் பக்கத்து முனைகள். 5-இன் தீப்பொறி ஈர நாளில் கோடு வழியாக 7-க்குப் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். இன்ஜினிலும் 5, 7 பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள். இவ்வளவு நாள் ஓட்டினோமே என்று பயமாக இருக்கிறது.

நடந்ததை எழுதிவிடுகிறேன். வேக்குவம் அடைத்துப் பார்த்தும் டுவெல் ஐந்து டிகிரி மாறியது. தண்டை ஆட்டினேன், நீங்கள் சொன்னதுபோலவே பாயின்ட் வாயைத் திறந்தது. நாற்பது மைல் தொலைவில் சன் மெஷின் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப் ஒன்று கிடைத்தது. இரண்டு புஷ்ஷும் மாற்றி, அட்வான்ஸ் எடைகளைச் சுத்தம் செய்து தந்தார்கள். டி106பி என்று மட்டும் சொல்லிப் பாயின்ட் வாங்கினேன், ஒரு கேள்வி கேட்காமல் எடுத்துத் தந்தார். பித்தளை முனை கேப். கன்டென்சர் இரண்டு வாங்கினேன். ஒன்று 0.27 காட்டியது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்னொன்று 0.21.

கடைசிக் கால் அங்குலத்தில் நின்றது. உங்கள் வரி நினைவில் இருந்ததால் சுத்தியைத் தேடவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு முறை திருப்பியதும் இறங்கிவிட்டது.

இன்ஜின் ஓடும்போது தகர மூடியைத் தூக்கி ஆலன் சாவியை விட்டுத் திருப்பினேன் ஐயா. மிஸ் அடித்தது, அரைச் சுற்று பின்னால் வந்தேன், மீட்டரில் 30. இரண்டாயிரத்தில் 29. முள் அசையவே இல்லை. நேற்றுக் காலை மழையில் எடுத்துப் போனேன், ஏற்றத்தில் ஒரு இடத்தில்கூட மிஸ் அடிக்கவில்லை.

முதலில் வாங்கிய 56 கேப், ரோட்டார், பாயின்ட் மூன்றும் பயன்படுத்தாமல் பெட்டியிலேயே என்னிடம் இருக்கின்றன. கிளிப் வைத்த 55, 56 டிஸ்ட்ரிபியூட்டர் உண்மையிலேயே வைத்திருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள். பணம் வேண்டாம், தபாலில் அனுப்பிவைக்கிறேன். உடம்பில் இருக்கும் எண்ணை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.