மேய்ச்சல் பிராய்லரில் கால் விழுகிறது, 70-ல் 7 போச்சு

கார்னிஷ் கிராஸ் (வேகமாக எடை ஏறும் கறிக்கோழி வகை), இன்று 36-ஆவது நாள், சராசரி 1.9 கிலோ. 24-ஆம் நாளில் புல்லுக்கு இறக்கியது. 10 x 12 அடி நகர்த்தும் கூண்டு, தினமும் காலையில் ஒரு கூண்டு நீளம் நகர்கிறது. தீவனம் 20% புரதம், கடை பெல்லட்.

31-ஆம் நாளிலிருந்து தினம் ஒன்றிரண்டு உட்கார்ந்துவிடுகின்றன. கணுக்கால் மூட்டிலிருந்து ஒரு கால் வெளிப்பக்கம் சாய்கிறது. விரல் சுருளவில்லை, கழிச்சல் இல்லை, தீவனம் பக்கத்தில் வைத்தால் தின்கின்றன. கூண்டை இழுக்கும்போது பின்சட்டத்தில் கால் மாட்டியதோ என்றும் பார்த்தாச்சு. காயம், வீக்கம் எதுவும் இல்லை.

பி காம்ப்ளெக்ஸ் 5 நாள் தண்ணீரில் கொடுத்தும் மாற்றமில்லை. செத்த ஒன்றின் கால் எலும்பை ஒடித்ததில் சட்டென்று முறிந்தது. ரப்பராக வளையவில்லை, அலகும் கெட்டி. அதனால் ரிக்கெட்ஸ் (எலும்பு மென்மையாகும் நோய்) என்று தோன்றவில்லை. எடை ஏறிய வேகம்தான் காரணம் என்பது என் கணிப்பு. 32-ஆம் நாள் முதல் இரவு 12 மணிநேரம் தீவனத்தை எடுத்துவிடுகிறேன். இதை இரண்டாவது வாரமே தொடங்கியிருக்க வேண்டும்.

மீதி 63-ஐ 8 வாரம் வரை கொண்டுபோக எண்ணம். இந்த வயதில் தீவன நேரத்தை இன்னும் குறைத்தால் கால் விழுவது நிற்குமா, இல்லை 42-ஆம் நாளிலேயே அறுத்துவிடுவதுதான் சரியா?