ஃபோர்க் அழைப்பின்போது லினக்ஸ் கர்னல் நினைவகம் முழுவதையும் நகலெடுக்கிறதா?

கேள்வி:
வணக்கம். லினக்ஸ் கர்னலின் மூல நிரலைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் படித்து வருகிறேன். எங்கும் பிடி கிடைக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலிருந்து (தாய்ப் ப்ராசஸ்) அதன் பிரதியாகப் புதிய ஒன்றை (சேய்) உருவாக்கும் ஃபோர்க் அழைப்பு, தாயின் நினைவகம் முழுவதையும் சேய்க்கு நகலெடுக்கிறது என்று பாடத்தில் படித்தேன். ஆனால் 2 ஜிபி நினைவகத்தை நிரப்பி வைத்திருக்கும் ஒரு நிரலில் அதை அழைத்தால், நொடிப்பொழுதில் முடிந்துவிடுகிறது. மொத்த நினைவகப் பயன்பாடும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. கர்னல் உள்ளே என்ன செய்கிறது, அதை நிரலில் எங்கே பார்க்கலாம்?

மறுமொழி 1:
வரிசையாகப் படிப்பதை விட்டுவிட்டு, இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே உள்ளே செல்லுங்கள். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட நிரலில் வேறு வழி பயன் தராது என்பது என் உறுதியான கருத்து.

நினைவகம் பேஜ் எனப்படும் சிறு துண்டுகளாகக் கையாளப்படுகிறது. ஃபோர்க்கில் நகலாவது, எந்தப் பேஜ் எங்கே இருக்கிறது, அதில் எழுதலாமா என்று குறித்துவைக்கும் பேஜ் டேபிள் மட்டுமே. 2 ஜிபி என்பது 4 கேபி அளவுள்ள 5,24,288 பேஜ்கள். பேஜுக்கு 8 பைட் வீதம் அவற்றின் பதிவுகள் வெறும் 4 எம்பி. அப்பதிவுகளை நகலெடுக்கும்போதே, எழுதும் அனுமதியைத் தாய், சேய் இரண்டிடமிருந்தும் கர்னல் எடுத்துவிடுகிறது. பிறகு ஏதேனும் ஒன்று எழுத முற்பட்டால் செயலி (சிபியூ) அதை நிறுத்தி, கர்னலை அழைக்கும் பேஜ் ஃபால்ட்டை எழுப்பும். அப்பகுதி எழுதத்தக்கதுதானா என்று சரிபார்த்தபின், அந்த ஒரு பேஜை மட்டும் கர்னல் நகலெடுத்துக் கொடுக்கும். சேய் அதற்குள் முடிந்துபோய், பேஜ் தாயிடம் மட்டுமே இருக்குமானால் நகலும் தேவையில்லை. அனுமதியைத் திருப்பித் தந்தாலே போதும்.

நிரலில், கர்னல் அடைவின் ஃபோர்க் கோப்பிலுள்ள 'காப்பி_ப்ராசஸ்' என்ற செயற்கூறு தொடங்கி, எம்எம் அடைவின் மெமரி கோப்பிலுள்ள 'காப்பி_பேஜ்_ரேஞ்ச்' வரை செல்லுங்கள். எழுத முற்படும்போது நடப்பது அதே கோப்பில் 'டூ_டபிள்யூபி_பேஜ்' என்ற பெயரில் இருக்கிறது.

மறுமொழி 2:
உங்கள் பாடம் சொல்வது எம்ஐடியின் எக்ஸ்வி6 இயங்குதளத்துக்கு அப்படியே பொருந்தும். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் பின்பற்றிக் கற்பித்தலுக்காக எழுதப்பட்ட அதில், 'யூவிஎம்காப்பி' என்ற சிறு செயற்கூறு ஒவ்வொரு பேஜையும் உண்மையாகவே நகலெடுக்கிறது. அதை எழுதும்போது மட்டும் நகலெடுக்குமாறு மாற்றுவது அங்கு மாணவர்களுக்குத் தரப்படும் பயிற்சிகளுள் ஒன்று. ஒரு பேஜை எத்தனை ப்ராசஸ்கள் பகிர்கின்றன என்ற எண்ணிக்கையை நீங்களே பராமரித்துப் பார்த்த பிறகு, லினக்ஸின் நிரல் தெளிவாகப் புரியத் தொடங்கும்.

மறுமொழி 3:
படிப்பதோடு, நடப்பதை நேரிலும் பாருங்கள். கர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் அடைவில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உள்ள 'எஸ்மேப்ஸ்' கோப்பைத் திறந்தால், ஃபோர்க் முடிந்தவுடன் 'ஷேர்ட்' (பகிர்ந்தவை) கணக்கில் நிற்கும் அளவு, சேய் எழுத எழுத 'பிரைவேட்' (தனக்கே உரியவை) கணக்குக்கு நகர்வதைக் காணலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சேயின் அனுமதியை எடுப்பது புரிகிறது. தாயின் அனுமதியையும் ஏன் எடுக்க வேண்டும்?

மறுமொழி 1:
தாய் தடையின்றி எழுதினால், அந்த மாற்றம் பகிர்ந்த பேஜ் வழியாகச் சேய்க்கும் தெரிந்துவிடும். ஃபோர்க் நிகழ்ந்த கணத்தின் நிலையைத்தான் சேய் காண வேண்டும் என்ற விதி உடைந்துபோகும். பதிவை மாற்றுவது மட்டும் போதாது. பேஜ் டேபிள் பதிவுகளை விரைவுக்காகச் செயலி தன்னுள் வைத்துக்கொள்ளும் டிஎல்பியில் பழைய அனுமதி தங்கியிருக்கலாம் என்பதால், ஃபோர்க்கின்போது இந்த நகலெடுப்பை நடத்தும் 'டப்_எம்மேப்' செயற்கூறு தன் வேலையை முடிக்கும்போது தாய்க்குரிய டிஎல்பி பதிவுகளையும் நீக்கச் செய்கிறது.