சிகே-4 டீசல் எஞ்சின் ஆயிலில் டிபிஎன் (அமிலத்தை முறிக்கும் காரத்திறன்) ஏற்றினால் அரிப்புச் சோதனையில் ஈயம் வரம்பு தாண்டுகிறது: எதை மாற்றுவது?

ஆயில்_லேப்:
கனரக லாரி எஞ்சினுக்கான 15டபிள்யூ-40 (பாகுத்தன்மை கிரேடு), ஏபிஐ சிகே-4 (டீசல் எஞ்சின் ஆயில் தரம்) ஃபார்முலா. குரூப் 2 பேஸ் ஆயில், சல்ஃபேட்டட் ஆஷ் (எரித்தால் மிஞ்சும் சாம்பல்) 0.98%, பாஸ்பரஸ் 0.11%, ஏஎஸ்டிஎம் டி2896 அளவீட்டு முறையில் டிபிஎன் 8.6. பழைய தரமான சிஐ-4 பிளஸ் வாங்கிப் பழகியவர்கள் 11-க்குக் குறைந்தால் வேண்டாம் என்கிறார்கள். ஆஷ் வரம்பு 1.0% என்பதால் காரம் தரும் கால்சியம் டிடர்ஜென்டைக் கூட்ட முடியாது. ஆஷ் இல்லாத அமீன் பூஸ்டர் 1% சேர்த்ததில் டிபிஎன் 10.7 ஆனது. ஆனால் எச்டிசிபிடி அரிப்புச் சோதனையில் (சூடான ஆயிலில் உலோகத் துண்டுகளை வைப்பது) ஆயிலில் கரைந்த ஈயம் 55 பிபிஎம்மிலிருந்து 190-க்கு ஏறிவிட்டது, வரம்பு 120. செம்பு 14-இல் நிற்கிறது. ஃப்ளூரோ ரப்பர் சீல் துண்டும் இறுகி, வளைத்தால் விரிசல் விடுகிறது. மக்னீசியத்துக்கு மாறலாமா, அரிப்புத் தடுப்பானான டோலைல்டிரையசோல் போட்டுச் சமாளிக்கலாமா?

கரிப்புகை:
மக்னீசியம் கைகொடுக்காது, கணக்குப் போட்டாலே தெரியும். 0.1% கால்சியம் தரும் ஆஷ் 0.34%, டிபிஎன் அதிகபட்சம் 2.8. 0.1% மக்னீசியம் தரும் ஆஷ் 0.5% அளவு, டிபிஎன் 4.6. தேய்மானம் தடுக்கும் துத்தநாகச் சேர்க்கையான இசட்டிடிபி எப்படியும் 0.2% அளவு ஆஷ் எடுத்துக்கொள்ளும். மீதி 0.8% முழுக்கக் கால்சியமானால் 6.6, முழுக்க மக்னீசியமானால் 7.4. மொத்த டிடர்ஜென்டையும் மாற்றினாலும் ஒரு புள்ளிகூட ஏறாது. மீதி டிபிஎன், புகைக்கரியைச் சிதறடித்து வைக்கும் டிஸ்பர்சன்ட்டின் நைட்ரஜனிலிருந்து வருவது.

அதைவிட முக்கியம், 11 எதற்கு என்பது. டீசலில் கந்தகம் 500 பிபிஎம் இருந்த காலத்தில் கந்தக அமிலத்தை முறிக்க அது தேவைப்பட்டது. இன்று 10–15 பிபிஎம் டீசலில் வரும் அமிலத்தில் பெரும்பகுதி ஆக்சிஜனேற்றத்திலும் நைட்ரேஷனிலும் உருவாகும் பலவீனமான கரிம அமிலம். பூஸ்டர் சேர்த்த ஆயிலை டி4739 முறையில் அளந்து பாருங்கள். டி2896-இல் பெர்குளோரிக் அமிலம் பலவீனமான அமீனையும் எண்ணிவிடும், டி4739-இன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அவ்வளவு எண்ணாது. நீங்கள் ஏற்றிய 2.1-இல் எவ்வளவு மிஞ்சுகிறதோ, வாங்குபவரிடம் அதைக் காட்டுங்கள்.

சீல்_அரிப்பு:
டோலைல்டிரையசோல் செம்பைக் காக்கும். உங்கள் பிரச்சினை ஈயம், அதில் அதன் பலன் குறைவு. ஈயத்தின் மேற்பரப்பைப் பெராக்சைடு முதலில் ஆக்சைடாக மாற்றும், பிறகு கரிம அமிலம் அதைச் சோப்பாகக் கரைத்து எடுக்கும். எது முந்துகிறது என்று கண்டுபிடிக்க ஒரே ஆயிலை மூன்று குழாய்களில் வையுங்க: 135 டிகிரி, மணிக்கு 5 லிட்டர் காற்று, நான்கு உலோகத் துண்டுகளும் உள்ளே. ஒன்றை 48 மணி நேரத்தில், ஒன்றை 96-இல், கடைசியை 168-இல் எடுங்க. ஒரே குழாயிலிருந்து மாதிரி உறிஞ்சினால் ஆயில் அளவு குறைந்து முடிவு கெட்டுவிடும். ஈயம் முதல் நாளிலிருந்தே நேராக ஏறினால் பூஸ்டரே தாக்குகிறது. 96 வரை அடங்கியிருந்து அப்புறம் எகிறினால் ஆன்டிஆக்சிடன்ட் தீர்ந்துவிட்டது. இரண்டாவது நிலைக்கு ஹிண்டர்டு ஃபீனால் கூட்டினால் சரியாகும். முதலாவதுக்கு பூஸ்டரை எடுப்பதுதான் வழி.

சீல் விரிசலும் அதே இடத்தில்தான் முடியும். காரத்தன்மை கூடிய அமீன் ஃப்ளூரோ ரப்பரிலிருந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடைப் பிடுங்கும், ரப்பர் குறுக்கே பிணைந்து இறுகும். சக்சினிமைடு டிஸ்பர்சன்ட்டும் கொஞ்சம் அதையே செய்வதால் இரண்டும் சேர்ந்து அடிக்கிறது. டிஸ்பர்சன்ட்டில் ஒரு பகுதியை போரேட் செய்த வகையாக மாற்றினால் சீலுக்கு நல்லது. ஆனால் டிஸ்பர்சன்ட் அளவைக் குறைத்துவிடாதீங்க. மேக் டி-11 எஞ்சின் சோதனையில் புகைக்கரி 6.0% சேரும் வரை பாகுத்தன்மை 12 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் ஏறக்கூடாது.

இன்னொன்று: தயாராக வாங்கும் சேர்க்கைப் பேக்கேஜுக்கு வெளியே எதைச் சேர்த்தாலும் அது சோதனை தேறிய ஃபார்முலா இல்லை. 360 மணி நேர மேக் டி-13 எஞ்சின் சோதனை உட்பட எது மறுபடி ஓட வேண்டும் என்று பேக்கேஜ் தருபவரிடம் எழுத்தில் கேளுங்க.

ஆயில்_லேப்:
பூஸ்டரை எடுத்துவிடுகிறேன். இதே பேக்கேஜில் 10டபிள்யூ-30 செய்தால் எங்கே இடறும்?

கரிப்புகை:
எச்டிஎச்எஸ்-இல் (கடும் சூட்டிலும் வேகமான உராய்விலும் நிற்கும் பாகுத்தன்மை). சிகே-4 என்றால் 30 கிரேடுக்கும் 150 டிகிரியில் 3.5 மில்லிபாஸ்கல்-செகண்ட் வேண்டும், பாலிமரைச் சிதைக்கும் 90 சுற்று ஷியர் சோதனைக்குப் பிறகும் 3.4 நிற்க வேண்டும். 100 டிகிரி பாகுத்தன்மையோ 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குக் கீழே. அதனால் 12-ஐ ஒட்டிக் குறிவையுங்கள், பாகுத்தன்மை ஏற்றும் பாலிமரைக் குறைத்துக் கனமான பேஸ் ஆயிலில் பாகுத்தன்மையைக் கொண்டு வாருங்கள். அப்போது மைனஸ் 25-இல் சிசிஎஸ் (குளிரில் எஞ்சின் கிளம்பும்போதுள்ள பாகுத்தன்மை) வரம்பான 7000-ஐத் தொடும். அதைத் தணிக்க மெல்லிய குரூப் 2 சேர்த்தால் நோவாக் (ஆவியாகும் இழப்பு) வரம்பான 13%-ஐத் தாண்டும். குரூப் 3 கொஞ்சம் கலந்தால் இரண்டும் அடங்கும். எச்டிஎச்எஸ் 2.9–3.2-க்கு இறங்குவது எஃப்ஏ-4 என்ற வேறு தரம், அது பழைய எஞ்சினுக்கு ஆகாது.

சீல்_அரிப்பு:
கிரேடு மாறும்போது நுரை வந்தால் சிலிகான் ஆன்டிஃபோமைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டாதீங்க. மேலே நுரை அடங்கும், ஆயிலுக்குள் சிக்கிய காற்று வெளியேறாது, கேட்டர்பில்லர் சி13 எஞ்சின் காற்றேற்றச் சோதனையில் தோற்கும். நுரை பெரும்பாலும் ஆன்டிஃபோம் அளவு குறைவதால் வருவதில்லை, அது சரியாகச் சிதறாததால்தான் வரும். மெல்லிய கரைப்பானில் முன்கூட்டிக் கரைத்து, வேகமாகக் கலக்கும்போது மெதுவாக விடுங்க. டேங்க் அடியில் பளபளவென்று திட்டு தெரிந்தால் சிலிகான் பிரிந்துவிட்டது என்று அர்த்தம்.