கோலாலம்பூரில் வயதான அம்மாவோடு சாலையைக் கடப்பது எப்படி?

வைகைக்கரை:
அடுத்த மாதம் அம்மாவோடு கோலாலம்பூர் வருகிறேன், பிரிக்ஃபீல்ட்ஸில் தங்குகிறோம். அம்மாவுக்கு முட்டி வலி, மெதுவாகத்தான் நடப்பார். மதுரையில் கையை நீட்டிக்கொண்டே இறங்கிவிடுவோம், வண்டிக்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போவான். அங்கே அது செல்லுமா?

செந்தூல் பையன்:
செல்லாது அக்கா. இங்கே ஹாரன் சத்தம் குறைவு, சத்தத்தை வைத்தே வண்டி வருவதைக் கண்டுபிடித்துப் பழகியவர்களுக்கு அதுதான் ஆபத்து. வண்டிகள் உங்கள் ஊர் மாதிரி இடதுபக்கம்தான் ஓடும், அதனால் முதலில் வலதுபக்கம் பாருங்கள். சிக்னல் கம்பத்தில் பட்டன் இருந்தால் அழுத்திவிட்டு நில்லுங்கள், பல இடங்களில் அழுத்தாவிட்டால் நடப்பவர்களுக்கான பச்சை மனிதன் விளக்கு வரவே வராது. பச்சை வந்தாலும் உடனே இறங்க வேண்டாம், கார்கள் எல்லாம் ஒழுங்காக நிற்கும், ஆனால் அந்தக் கார்களுக்கு நடுவே இருக்கிற சந்தில் மோட்டார் சைக்கிள் வரும், சிவப்பு விழுந்த பிறகும் ஒன்றிரண்டு நுழையும். ஒவ்வொரு வரிசையையும் தாண்டும் முன் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள். சிக்னல் இல்லாமல், கடப்பதற்காக ரோட்டில் போட்டிருக்கிற வெள்ளைக் கோடுகளை மட்டும் நம்பி இறங்கவே வேண்டாம். கார் நிற்க வேண்டும் என்பது சட்டம், நிற்பதும் நிற்காததும் ஓட்டுகிறவர் மனசு.

பத்துமலை அக்கா:
தம்பி சொல்வது சரி, ஆனால் முட்டி வலிக்காரரை எதற்கு ரோட்டில் இறக்க வேண்டும்? கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து மோனோரயிலுக்கு நு சென்ட்ரல் மால் வழியாகவே போய்விடலாம். புக்கிட் பிந்தாங்கில் பெவிலியன் மாலிலிருந்து இரட்டைக் கோபுரம் இருக்கிற கேஎல்சிசி பக்கம் போக ஏசி போட்ட மேல்நடைபாதை இருக்கிறது, கீழே இருக்கிற சந்திப்புகளைத் தொடவே வேண்டாம். மற்ற இடங்களில் உள்ள நடை மேம்பாலங்களை மட்டும் நம்பாதீர்கள், நிறைய இடங்களில் படிக்கட்டுதான். ஹோட்டல் போடும்போது வரைபடத்தில் தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கத்திலேயே ஸ்டேஷன் என்று காட்டும், நடுவில் ஆறு வழிச் சாலை கிடக்கும். அப்படி இருந்தால் பேசாமல் கிராப் ஆப்பில் கார் எடுங்கள், ஏறும் இடத்தை நீங்கள் நிற்கிற பக்கத்திலேயே குறித்துக் கொடுங்கள், இல்லையென்றால் டிரைவர் எதிர்ப்பக்கம் நின்று போன் அடிப்பார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் குமார்:
எங்கள் ஏரியாவில் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, வெள்ளைக் கோலோடு போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். நடைபாதையில் புடைத்த மஞ்சள் ஓடு பதித்திருப்பது அவர்களுக்காகத்தான், அதன்மேல் பெட்டியை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், சில சுற்றுலாக்காரர்கள் நிற்கிறார்கள், கோபமாக வரும்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. பினாங்குக்கும் இரண்டு நாள் போகிறோம், அங்கேயும் இதே கதைதானா?

கொம்தார் வாசி:
ஜார்ஜ்டவுனில் தெருக்கள் சின்னவை, கடப்பது சுலபம். நடப்பதுதான் கஷ்டம். கடைகளுக்கு முன்னால் கூரைக்குக் கீழே இருக்கிற நடைபாதையில், இங்கே அஞ்சடி என்போம், பாதி இடத்தில் சாமானும் மோட்டாரும் நிற்கும், வேறு வழியில்லாமல் ரோட்டில் இறங்க வேண்டியிருக்கும். நிறையத் தெருக்கள் ஒருவழிதான், ஆனாலும் இரண்டு பக்கமும் பாருங்கள், மோட்டார்க்காரர்களில் சிலருக்கு அந்த ஒருவழிப் பலகை கண்ணில் படுவதில்லை. காலையில் வெயிலுக்கு முன்னே லிட்டில் இந்தியா பக்கம் கூட்டிப் போங்கள், தெருவும் காலியாக இருக்கும்.