புதுப்பிப்பு: கண்டியா நுவரெலியாவா என்று கேட்டேனே, கம்பளைக்குப் போகிறோம்

ஹட்டனிலிருந்து மாறுவதற்குக் கண்டி வாடகை கட்டுப்படியாகுமா, நுவரெலியா பரவாயில்லையா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த அண்ணன், அக்காமாருக்கு நன்றி. வேலை கண்டியில், வீடு கண்டிக்குக் கிட்டவுள்ள கம்பளையில் என்று முடிவாகிவிட்டது.

நுவரெலியாவில் பார்த்த அனெக்ஸின் (வீட்டோடு ஒட்டிய சிறு வாடகை வீடு) சொந்தக்காரர், சுற்றுலாக்காரர் குவியும் ஏப்ரல் சீசனுக்கு மட்டும் வீட்டை விட்டுத்தர முடியுமா என்று முதல் பேச்சிலேயே கேட்டார். சாமான்களோடு நாங்கள் எங்கே போவதாம்? கண்டியில் என்றால், பேராதனைப் பக்கம் கேம்பஸ் பிள்ளைகளுக்கு அறை அறையாகக் கொடுப்பதில்தான் எல்லோருக்கும் விருப்பம். குடும்பத்துக்கு முழு வீடு கிடைப்பது கஷ்டம்.

வாடகையை விட முக்கியமாகக் கேட்கவேண்டியது கரண்ட் மீட்டர். வீட்டுக்காரரோடு ஒரே மீட்டர் என்றால் யோசியுங்கள். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை கூடிவிடும். நிலையான கட்டணமும் ஏறும். இரண்டு குடும்பம் சேர்ந்தால் 60 எந்த மூலைக்கு? நாம் லைட்டை அணைத்து அணைத்து மிச்சம் பிடித்தும் பிரயோசனமில்லை. கம்பளை வீட்டில் தனி மீட்டர், சுவரில் எங்கள் பக்கமே இருக்கிறது.

பஸ் காசைச் சேர்த்தாலும் கண்டி வாடகையை விடக் குறைவுதான். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அப்புறம், ஹட்டனிலிருந்து சாமான் ஏற்றிவர, கம்பளையிலிருந்து லொறி பிடித்துத் தரக்கூடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.